ஃபிராங்க்ளின் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1845 மே மாதம் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பின. வழியில் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து பேர் தப்பினார்கள். மற்ற 129 பேரில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை. வட துருவத்தை அடையப் போய் மாண்டவர்கள் என்று இவர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் தேடியது துருவத்தை அல்ல, கனடாவின் ஆர்க்டிக் தீவுகளினூடே பசிபிக் கடலுக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியை.

தம் ஆட்களைப் பனியில் நடக்கவைத்துச் சாகடித்தவர் என்று ஃபிராங்க்ளினைப் பழிப்பதும் சரியல்ல. 1846 செப்டம்பரில் கிங் வில்லியம் தீவுக்கு அருகே கப்பல்கள் உறைபனியில் சிக்கின. 1847 ஜூன் 11 அன்று அவர் இறந்துவிட்டார். அந்தக் கோடையிலும் பனி விடாததால், 1848 ஏப்ரலில் கப்பல்களைக் கைவிட முடிவெடுத்தவர் டெரரின் கேப்டன் குரோசியர். எஞ்சியிருந்த 105 பேருடன் தெற்கே கனடா நிலப்பகுதியில் உள்ள பேக் ஆற்றை நோக்கிப் போவதாக அவரும் எரிபஸின் கேப்டன் ஃபிட்ஸ்ஜேம்ஸும் கையெழுத்திட்ட தாள் 1859-ல் கிடைத்தது. அந்தத் தாளிலேயே, பீச்சி தீவில் அவர்கள் தங்கிய முதல் குளிர்காலத்தின் ஆண்டு தவறாக எழுதப்பட்டிருக்கிறது. மூல ஆவணம் என்றாலும் ஒத்துப் பார்க்காமல் எடுத்தாளக் கூடாது.

தகர டப்பா உணவிலிருந்த ஈயம்தான் எல்லோரையும் கொன்றது என்பது இன்னொரு அவசர முடிவு. 1980-களில் பீச்சி தீவில் தோண்டியெடுத்த மூன்று உடல்களில் ஈயம் மிகுதியாக இருந்தது உண்மை. ஆனால் அந்த மூவரும் முதல் குளிர்காலத்திலேயே இறந்தவர்கள். அன்றைய பிரிட்டிஷ் மக்களின் உடலில் ஈயம் சேர்வதும் சாதாரணம். பின்னாளில் நடந்த எலும்பு ஆய்வுகள் ஈயத்தை முதன்மைக் காரணமாக ஏற்கவில்லை. பசி, நோய், குளிர், ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக விலகாத பனி எல்லாம் சேர்ந்தே அவர்களை வீழ்த்தின.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இந்தக் கதையை விடை தெரியாத மர்மமாகச் சொல்வது. படகை இழுத்துக்கொண்டு தெற்கே போன வெள்ளையர்கள் பட்டினியால் செத்ததையும், கடைசியில் மனித மாமிசம் தின்றதையும் அந்த ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இன்யூட் மக்கள், ஜான் ரே என்ற ஆய்வுப் பயணியிடம் சொன்னார்கள். 1854-ல் அவர் அதை லண்டனுக்குத் தெரிவித்ததும் எதிர்ப்பு கொதித்தது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், சாட்சி சொன்ன மக்கள்மீதே கொலைச் சந்தேகத்தைக் கிளப்பினார். அது பெரும் அநீதி. 1990-களில் ஆராயப்பட்ட எலும்புகளில் கத்தித் தடங்கள் இருந்தன. அப்படிப்பட்ட ஒரு தாடை எலும்பு ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது என்று 2024-ல் மரபணுச் சோதனை காட்டியது.

கப்பல்கள் விஷயத்திலும் இதே கதைதான். ஒரு கப்பல் தெற்கே மூழ்கியது என்று இன்யூட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். 2014-ல் எரிபஸ் அவர்கள் சொன்ன பகுதியிலேயே கிடைத்தது. 2016-ல் இன்யூட் ஒருவர் தந்த தகவலை வைத்துத்தான் டெரரைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே இந்தக் கண்டுபிடிப்புகளை எழுதும்போது ஒலியலையால் கடலடியைத் துழாவும் சோனார் கருவிக்கும் ஆய்வுக் கப்பலுக்கும் மட்டும் பெருமை கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். தகவல் தந்தவர்களின் பெயர்கள் பதிவில் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.