வாண்டில் ஆற்றைக் கண்காணிப்பது எப்படி

தெற்கு லண்டனில் மிட்சம், கோலியர்ஸ் வுட், டூட்டிங் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலர் வாண்டில் ஆற்றை பஸ்ஸில் கடந்துதான் வேலைக்குப் போகிறோம். குரொய்டனிலும் கார்ஷால்டனிலும் ஊற்றெடுத்து, வாண்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸோடு சேர்கிற சின்ன ஆறு. பள்ளிக்கூடத்தில் வெண்கட்டி என்போமே, அதே வெள்ளைப் பாறைக்குள் மழைநீர் இறங்கி, வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளியே வருகிற நீர் இது. ஊற்றுக்கண்ணில் வருடம் முழுக்க 10, 11 பாகைதான், பனிக்காலத்தில் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறுகிற கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மேலே நிலத்தில் கொட்டுவது ஒருநாள் கீழே தண்ணீரில் வரும். உலகில் இப்படியான ஓடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன, அதில் ஒன்று நம் வீட்டுப் பின்னால் ஓடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலை ஆற்றடியில் வாழும் பூச்சிகளை எண்ணுவது, தண்ணீர் கெட்டால் அவை குறையும். சும்மா வலையோடு இறங்கிவிட முடியாது. 2007இல் தொடங்கிய 'ரிவர்ஃப்ளை' கண்காணிப்புத் திட்டத்தில் ஒருநாள் பயிற்சி தருகிறார்கள், உள்ளூர் ஆற்று அறக்கட்டளையிடம் கேட்டால் வழி சொல்வார்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே முறையில் செய்ய வேண்டும். இடம் மாறினால் போன மாதத்தோடு ஒப்பிட முடியாது.

இடுப்பளவு ரப்பர் பூட்ஸ் போட்டு நீரில் இறங்கி, வலையை ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் குதிகாலால் சரளைக்கல்லைக் கிளற வேண்டும். மொத்தம் 3 நிமிடம். அதைச் சரளை, நீர்ப்பாசி, மரவேர், கரையோரச் சேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நிமிடம் கற்களைத் தூக்கி அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். எல்லாவற்றையும் வாளியில் அலசி, வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள்.

தட்டில் முதலில் சருகும் மண்ணும்தான் தெரியும். அவசரப்பட வேண்டாம், ஒரு நிமிடம் கை வைக்காமல் பாருங்கள். ஒரு சுள்ளித் துண்டு மெதுவாக நடக்கத் தொடங்கும். அது காடிஸ் புழு, மணலையும் குச்சியையும் தன் நூலாலேயே ஒட்டிக் கட்டிய கூட்டுக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டும். குட்டி இறால் போல ஒன்று பக்கவாட்டில் படுத்தபடி நீந்தும், சிலது ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டே போகும். மூன்று வால் என்றால் பெரும்பாலும் மேஃப்ளை பூச்சியின் குஞ்சு, இரண்டு என்றால் ஸ்டோன்ஃப்ளை பூச்சியின் குஞ்சு. மொத்தம் எட்டு வகைதான் எண்ணுகிறோம், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்: 1 முதல் 9 வரை இருந்தால் 1, 99 வரை 2, 999 வரை 3, ஆயிரத்துக்கு மேல் 4. கூட்டுத்தொகை அந்த இடத்துக்கென்று வைத்திருக்கும் எல்லைக்குக் கீழே போனால் மறுபடி எடுத்துப் பார்த்து, அப்போதும் குறைவென்றால் உடனே தகவல் சொல்ல வேண்டும். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது தெற்கு இங்கிலாந்தில் ஓடும் கென்னட் ஆற்றின் கதை. 2013 ஜூலையில் மார்ல்பரோ பக்கம் தொண்டர்கள் இப்படி வலை போட்டபோது இறால்களும் பூச்சிகளும் செத்துக் கிடந்தன. சோதித்ததில் குளோர்பைரிஃபாஸ், ஊரில் கரையானுக்கு அடிப்பார்களே, அதே மருந்து. சுமார் 15 கிலோமீட்டருக்குப் பாதிப்பு. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது, எண்ணிப் பார்த்திராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நுரை, பால் நிறம், டீசல் வாடை, செத்த மீன் எதைக் கண்டாலும் தண்ணீரில் இறங்காதீர்கள். படம் எடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு சுற்றுச்சூழல் முகமையின் 0800 80 70 60 எண்ணுக்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அப்புறம் களை. கரையில் ஆளுயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூவோடு நிற்கிற இமாலயக் களை (Himalayan balsam) நம்முடைய காசித்தும்பைக்குச் சொந்தம்தான், காய் முற்றினால் தொட்டதும் வெடித்து விதை பல மீட்டர் தூரம் தெறிக்கும். அதனால் விதை பிடிக்கும் முன்பே, ஜூன், ஜூலையில் வேரோடு இழுத்துவிட வேண்டும், சுலபமாக வந்துவிடும். தண்ணீரில் வல்லாரை இலை போல மிதந்து பரவுகிற இன்னொன்று உண்டு, ஃப்ளோட்டிங் பென்னிவர்ட் என்பார்கள். அதை நீங்களாகப் பிய்க்காதீர்கள், ஒரு துண்டு போதும், கீழே போய் மறுபடி முளைத்துவிடும்.

கையில் காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், எலிக்காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு. குளிர்காலத்தில் சரளையில் வெளுப்பாக, துடைத்து வைத்தது போல ஒரு திட்டைக் கண்டால் சுற்றிப் போங்கள், ட்ரவுட் மீன் அதற்குள் முட்டை புதைத்திருக்கும். வேறு ஆற்றுக்குப் போகும் முன் வலையையும் பூட்ஸையும் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள், கிரேஃபிஷ் என்ற நன்னீர்க் கல்லிறாலைக் கொல்லும் நோய் ஈரத்தோடுதான் பயணம் செய்கிறது.

ஆற்றில் இறங்க நேரம் இல்லாதவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பின்பக்கம் கிச்சனை நீட்டிக் கட்டும்போது வாஷிங் மெஷின் குழாயை மழைநீர்க் குழாயில் மாட்டிவிடுகிற பிளம்பர்கள் இருக்கிறார்கள், அப்படி மாட்டினால் சோப்புத் தண்ணீர் நேரே ஆற்றுக்குத்தான் போகும். மெஷினில் தண்ணீர் வெளியேறும் நேரம் வெளியே போய், எந்தக் குழிக்குள் விழுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.