கூலிம்ல டெக்னிஷியன் இன்டர்வியூவா? பத்து பேர்ல உங்க முகம் ஞாபகம் இருக்கணும்னா

பாடாங் செராய், லூனாஸ் பக்கம் தம்பி தங்கச்சிங்க நிறைய பேருக்கு கனவு வேலைன்னா நம்ம கெடாவுல இருக்கிற ஃபேக்டரி வட்டாரம் கூலிம் ஹைடெக் பார்க்தான், அப்பா செம்பனை வெட்டி படிக்க வச்ச வீட்டுல ஒரு புள்ளைக்கு அங்க பெர்மனன்ட் கிடைச்சா அந்த வீட்டு நிலைமையே மாறிடும். ஆனா இன்டர்வியூக்கு வர்ற எல்லாருகிட்டயும் அதே டிப்ளோமா, அதே வெள்ளை சட்டை, அதே "ஹார்ட்வொர்க்கிங், ஃபாஸ்ட் லேர்னர்". யூடியூப் பார்த்து மனப்பாடம் பண்ணது எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிடும் லா.

முதல்ல யார் கேக்குறாங்கன்னு புரிஞ்சிக்குங்க. பெரும்பாலும் எச்ஆர் ஒருத்தர் இருப்பாங்க, கூட லைன் பார்க்கிற இன்ஜினியரோ சூப்பர்வைசரோ இருப்பார். அந்த ரெண்டாவது ஆள் மனசுல ஓடுறது ஒண்ணே ஒண்ணுதான், ராத்திரி மூணு மணிக்கு மெஷின் நின்னா இந்த ஆள் என்ன பண்ணுவான், பதறுவானா, மறைப்பானா, ஒழுங்கா பார்த்து சொல்லுவானா? நீங்க சொல்ற எல்லா பதிலும் இதுக்குத்தான் பதிலா இருக்கணும்.

அதுக்கு ஒரு கதை ரெடி பண்ணுங்க, ஒண்ணு நல்லா இருந்தா போதும். உதாரணத்துக்கு இப்படி: "பிராக்டிகல் செஞ்ச இடத்துல கன்வேயர் அடிக்கடி நிக்கும், எல்லாரும் மோட்டர் போச்சுன்னாங்க. எப்ப எப்ப நிக்குதுன்னு ரெண்டு ஷிப்ட் நோட்ல எழுதினேன், தரை கழுவின பிறகுதான் நிக்குதுன்னு தெரிஞ்சது. கரண்ட்டை அடைச்சு லாக் போட்டு டேக் மாட்டிட்டு திறந்தேன், சென்சர் கனெக்டர்ல தண்ணி. சீல் மாத்தினேன், பிராக்டிகல் முடியிற வரைக்கும் அது நிக்கல." இதுல வேற யாரும் தெரியாம கரண்ட்டை திரும்ப போட்டுடக் கூடாதுன்னு லாக் போட்டு டேக் மாட்டினேன்னு வர்ற அந்த ஒரு வரிதான் சூப்பர்வைசர் நிமிர்ந்து உட்காருற இடம், சேஃப்டி தெரிஞ்ச ஆள்னு அங்கயே ஒரு மார்க் விழுந்திடும். செய்யாததை மட்டும் சேர்க்காதீங்க, "எந்த டைப் சென்சர், மீட்டர்ல என்ன ரீடிங் வந்துச்சு"ன்னு அடுத்த கேள்வியிலயே மாட்டிக்குவீங்க.

பிராக்டிகல்ல டீ வாங்கத்தான் விட்டாங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க. பரவாயில்ல, தோட்டத்து கோயில் திருவிழாவுக்கு லைட் கட்டினப்ப பிரேக்கர் விழுந்துகிட்டே இருந்ததை எப்படி கண்டுபிடிச்சீங்க, புல்வெட்டுற மெஷினை எப்படி கழட்டி ஸ்டார்ட் பண்ணீங்க, அதைச் சொல்லுங்க. இதெல்லாம் சின்ன விஷயம்னு நம்ம புள்ளைங்க வெக்கப்பட்டு வாயே திறக்கிறதில்ல, எனக்கு கோவமே அதுலதான் வரும்.

கம்பெனியைப் பத்தி வெப்சைட்டை ஒப்பிக்காதீங்க, தெரிஞ்சதை வேலையோட சேர்த்துக் கேளுங்க. உதாரணத்துக்கு இன்ஃபினியோன் கம்பெனி 2024 ஆகஸ்ட்ல கூலிம்ல சிலிக்கான் கார்பைட் சிப் செய்ற புது ஃபேப், அதாவது சிப் ஃபேக்டரி திறந்தாங்க, மின்சார காடிக்கும் சோலாருக்கும் போற சிப் அது. அங்க போறீங்கன்னா "புது ஆளை முதல்ல எந்த மெஷின்ல போட்டு ட்ரெய்ன் பண்ணுவீங்க, தனியா பார்க்க விட எவ்வளவு நாள் ஆகும்?"னு கேட்டுப் பாருங்க. கடைசியில "எனி குவெஸ்சன்?"னு கேக்குறப்ப தலையாட்டிட்டு வர்றவங்கதான் அதிகம்.

இங்லீஷ் தடுமாறுதா? கதையை முதல்ல தமிழ்ல சத்தமா சொல்லுங்க, அப்புறம் சின்ன சின்ன வாக்கியமா இங்லீஷ்ல, போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. நடுவுல சிக்கினா மலாய்ல சொல்லலாமான்னு கேட்டுட்டு முடிங்க, முழிச்சிகிட்டு உட்கார்ந்திருக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

நைட் ஷிப்ட் கண்டிப்பா கேப்பாங்க. வெறும் "கேன்"னு சொல்லாம, வீடு எங்க, எதுல வருவீங்க, மழை பெஞ்சா என்ன ஏற்பாடு, வீட்ல சொல்லியாச்சா, எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிடுங்க. பினாங்குல இருந்து பாலம் தாண்டி வர்றவங்களைவிட நமக்கு இங்கதான் பலம், பயன்படுத்திக்குங்க.

சம்பளம் கேட்டா "எவ்வளவு குடுத்தாலும் ஓகே"ன்னு மட்டும் வேணாம். பேசிக் எவ்வளவு, ஷிப்ட் அலவன்ஸ் எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க, முன்னாடியே அங்க வேலை செய்ற அண்ணன் அக்காகிட்ட விசாரிச்சிட்டு ஒரு ரேஞ்ச் சொல்லுங்க. குறைஞ்சபட்ச சம்பளமே 2025ல இருந்து 1,700 வெள்ளி, டிப்ளோமா வச்சிகிட்டு அதுகிட்டயே போய் நிக்காதீங்க. மாச சம்பளம் 5,000 வெள்ளி வரைக்கும்னா ஈபிஎஃப்ல முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதையும் கணக்குல வைங்க.

ஐசி, சர்ட்டிபிகேட் ஒரிஜினல் காப்பி ரெண்டும் ஃபைல்ல, மோட்டர் சைக்கிள்ல போறவங்க சட்டையை பையில வச்சு அங்க போய் மாத்திக்குங்க, ஷிப்ட் மாறுற நேரத்து ஜாமையும் கணக்கு பண்ணிக் கிளம்புங்க.

வெளிய வந்ததும் கேட்ட கேள்வி எல்லாத்தையும் போன்ல எழுதிடுங்க, ரெண்டாவது ரவுண்ட் வந்தா நீங்க திணறின இடத்தையே திரும்ப தோண்டுவாங்க. அன்னிக்கு சாயங்காலமே எச்ஆருக்கு ரெண்டு வரி நன்றி மெயில் போடுங்க, பதில் சொல்ல முடியாம விட்ட கேள்வி ஏதும் இருந்தா தேடிப் பிடிச்ச பதிலையும் அதுலயே சேர்த்துடுங்க.