கச்சான் காற்றில் சுண்டுவிரல் மரத்துப்போனால்

தென்மேற்குக் காற்றுக் காலத்தில் சைக்கிளில் ராமேஸ்வரம் போவது சுகம். திரும்பும்போது மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரை எதிர்க்காற்று. குனிந்தே மிதிப்பதால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். மணிக்கட்டின் ஓரமாகச் செல்லும் அல்நார் நரம்பு நசுங்குவதுதான் காரணம். பலரும் முதலில் ஜெல் கையுறை வாங்குவார்கள். எனக்கு அதனால் பெரிய பலனில்லை.

சரிசெய்தது சீட்டிலிருந்து. அதன் முன்மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், கை தாங்கும். சீட்டின் மேல் நேரான பலகை வைத்து, அதன்மேல் கொத்தனாரின் ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தினேன்.

அடுத்து ஹேண்டில்பார். அதைத் தாங்கும் ஸ்டெம்மின் மேலிருந்த 10 மி.மீ. ஸ்பேசர் வளையத்தை அடியில் போட்டு, ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தினேன். வரிசை முக்கியம்: பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் மூடியைக் கழற்றி, ஸ்பேசரை மாற்றி, மூடியை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்கி, முன்சக்கரத்தோடு நேர்பார்த்து, கடைசியாகத்தான் பக்கவாட்டு போல்ட்டுகள். முறுக்கு அளவு ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். மூடியை அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் போச்சு!

28 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்றை 75-க்குக் குறைத்தேன். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் கைக்கு வரும் அதிர்வில் வித்தியாசம் உடனே தெரிந்தது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். மணிக்கட்டு மடங்கக்கூடாது. இறங்கிய மறுநாளும் மரப்பு நீடித்தாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.