கேமிங் லேப்டாப் வாங்கும் முன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

ஆயுத பூசையை ஒட்டி எங்க அக்கா மகனுக்கு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினோம். பையன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. கையில் இருந்தது 70,000 ரூபாய். அதற்கு முன்பே எனக்காக 58,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கி, எட்டு மாதம் கழித்துத்தான் எங்கே தவறினேன் என்று கண்டுபிடித்தேன். சேர்த்து வைத்த காசு அது. இன்னொருவர் வீட்டிலும் அப்படிப் போகக்கூடாது என்பதற்காக, இந்த முறை நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். ரேம், எஸ்எஸ்டி என்றால் என்ன என்பதற்குள் போகவில்லை.

முதல் படி: என்ன கேம்?

"எல்லா கேமும் ஓடணும் சித்தி" என்றான் பையன். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். வேலரண்ட், கௌண்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5, கடைசியாக சைபர்பங்க் 2077. முதல் மூன்றுக்கு 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி (ரேம் இல்லை, கிராபிக்ஸ் சிப்புக்கென்றே தனியாக இருக்கும் மெமரி) போதும். நான்காவது மாதிரி பெரிய கேம் ஒன்று பட்டியலில் வந்துவிட்டால் 6 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். 4 ஜிபியில் ஓடும், ஆனால் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். கிராபிக்ஸ் மெமரியைப் பிறகு கூட்டவும் முடியாது.

வேலரண்ட் ஆடுகிறவர்கள் விண்டோஸோடு வரும் லேப்டாப்பையே வாங்குங்கள். அது லினக்ஸில் ஓடாது. விண்டோஸ் 11-இல் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்களும் லேப்டாப்பில் இயங்க வேண்டும்.

இரண்டாம் படி: பிராசசரின் கடைசி எழுத்து

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். பெயரின் கடைசியில் எச், எச்எஸ், எச்எக்ஸ் என்று இருந்தால் சரி. யு என்று முடிந்தால் வேண்டாம், அது பேட்டரியை மிச்சப்படுத்தச் செய்தது. ஐ7 1255யு-வில் வேகமான கோர் இரண்டுதான், ஐ5 12450எச்-இல் நான்கு. கேமுக்கு அந்த ஐ5 தான் மேல். கடையில் ஐ7 ஸ்டிக்கரைக் காட்டி 10,000 ரூபாய் கூடக் கேட்டால், அந்தக் காசைக் கிராபிக்ஸுக்குப் போடுங்கள்.

மூன்றாம் படி: கிராபிக்ஸ் எத்தனை வாட்?

நான் தவறியது இங்கேதான்.

என் லேப்டாப்பில் இருந்த கிராபிக்ஸ் சிப் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3050. நெல்லை மேலப்பாளையத்தில் இருக்கும் என் தோழியுடையதிலும் அதே ஆர்டிஎக்ஸ் 3050, அதே 4 ஜிபி. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒரே கேமை ஓட்டினோம். அவளுடையது வழுக்கிக்கொண்டு போனது. என்னுடையதில் ஆள் ஓடும்போதெல்லாம் படம் விட்டு விட்டு நின்றது. கிராபிக்ஸை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், விண்டோஸைப் புதிதாகப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் ஓடவிட்டுப் பார்த்தோம். அவளுடைய கிராபிக்ஸ் 75 வாட் வரை இழுக்கிறது. என்னுடையது 45 வாட்டைத் தாண்டவே இல்லை.

காரணம் இதுதான். என்விடியா சிப்பை மட்டும் கொடுக்கிறது. அதற்கு எவ்வளவு கரண்ட் விடுவது என்பதை லேப்டாப் செய்கிற கம்பெனி முடிவு செய்கிறது. இந்த 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-க்கு என்விடியா வைத்த எல்லை 35 முதல் 80 வாட். 35 வாட்டில் அதன் உச்ச வேகம் 1057 மெகாஹெர்ட்ஸ், 80 வாட்டில் 1740. மெல்லிசான லேப்டாப்பில் சூட்டை வெளியேற்ற இடம் இல்லை, அதனால் வாட்டைக் குறைத்து வைப்பார்கள். பெயர் மட்டும் மாறாது. ஆர்டிஎக்ஸ் 4050-க்கு இந்த எல்லை 35 முதல் 115 வாட் வரை விரிகிறது, ஆகவே அதில் இன்னும் கவனம் வேண்டும்.

இன்னொன்றும் இதோடு சேர்த்தி. ஆர்டிஎக்ஸ் 2050-ஐ '3050-க்கு ஒரு படிதான் கீழே' என்று சொல்லி விற்பார்கள். அதன் மெமரிப் பாதை 64 பிட், 4 ஜிபி 3050-இல் 128 பிட். பாதி அகலம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் தொடாதீர்கள்.

சரி, வாட்டை எப்படித் தெரிந்துகொள்வது? கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரத் தாளைத் திறந்து கிராபிக்ஸ் வரியைத் தேடுங்கள். 'டிஜிபி' (கிராபிக்ஸ் மொத்தமாக இழுக்கும் வாட்) என்று இருக்கும், பல நேரம் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில். நான் நோட்புக்செக் தளத்தையும் பார்ப்பேன், ஓட்டி அளந்து எழுதுகிறார்கள். விற்பனைத் தளங்களில் இருக்கும் விவரத்தை இதற்கு நம்ப மாட்டேன்.

கடைக்கு நேரில் போகிறவர்களுக்கு என் வழி சார்ஜர். வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில், "அண்ணாச்சி, இதுல கிராபிக்ஸ் எத்தனை வாட்?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா, நல்லா ஓடும்" என்றார். சார்ஜரை மட்டும் எடுத்துக் காட்டச் சொன்னேன். அதன் அடியில் 'அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும்: 20 வோல்ட், 6 ஆம்பியர். பெருக்கினால் 120 வாட். அதிலிருந்து பிராசசருக்கு ஒரு 45, திரைக்கும் விசிறிக்கும் கொஞ்சம் போனால் கிராபிக்ஸுக்கு 80 வாட் எங்கிருந்து வரும்? பக்கத்து மாடலின் சார்ஜரில் 20 வோல்ட், 10 ஆம்பியர் என்று இருந்தது, அதாவது 200 வாட். சார்ஜர் பெரிதாக இருப்பதால் மட்டும் கிராபிக்ஸ் வேகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சார்ஜர் சிறியதாக இருந்தால் வேகம் வராது என்பது உறுதி.

காட்சிக்கு வைத்த லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. திரையில் ரைட் கிளிக், என்விடியா கண்ட்ரோல் பேனல், இடது கீழ் மூலையில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன். அதில் 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' என்ற வரியில் எண்ணே இருக்கும். எங்களுக்கு 95 வாட் காட்டியது. அதைத்தான் வாங்கினோம், 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4050.

நான்காம் படி: ரேம் ஒன்றா, இரண்டா?

8 ஜிபி ஒரே குச்சியாக வந்தால் பிராசசருக்கு ஒரு வழிதான் திறந்திருக்கும். இரண்டு குச்சி போட்டால் இரண்டு வழி. கேமில் திடீர் திடீரென்று நிற்பது இதனால் நன்றாகக் குறையும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 2-க்கு 1 என்று காட்டினால், இன்னொன்று போட இடம் இருக்கிறது. விவரத் தாளில் எல்பிடிடிஆர் என்று இருந்தால் ரேம் போர்டோடு ஒட்டியது, கூட்ட முடியாது.

வீட்டிலேயே போடலாம். அடி மூடியைக் கழற்றினால் வாரண்டி போகுமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி வயரையும் கழற்றிவிட்டு, ரேமின் பிளவு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சாய்வாகச் செருகி, தங்க நிறப் பற்கள் உள்ளே மறைந்த பிறகு கீழே அழுத்துங்கள். இரு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று பிடிக்கும். நான் முதல் முறை பற்கள் பாதி வெளியே தெரியும்போதே அழுத்திவிட்டேன். திரை கறுப்பாகவே நின்றது, பயந்துபோனேன். கழற்றி மறுபடி ஆழமாகச் செருகியதும் சரியானது.

ஐந்தாம் படி: திரை

144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறுகிற திரையாக இருக்கட்டும். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்ற இடத்தில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் நிறம் வெளுத்துத்தான் தெரியும். கேமுக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், போட்டோ, வீடியோ வேலையும் செய்கிறவர்கள் வேறு பாருங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா?

வாரண்டியில் 'ஆன்சைட்' என்று இருக்கிறதா, உங்கள் பின்கோடுக்கு அது உண்டா என்று வாங்கும் முன்பே கம்பெனிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். என் பழைய லேப்டாப்பின் விசிறி போனபோது அதைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு இரண்டு தடவை பஸ் ஏறினேன்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். சித்திரையில் மின்விசிறிக் காற்றே சூடாக வரும்போது லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தையில் வைக்காதீர்கள், காற்றை அடியில்தான் இழுக்கிறது. கூலிங் பேட் எதுவும் நான் வாங்கவில்லை. பின்பக்கம் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கினேன், அதிலேயே சூடு குறைந்தது. ஆனி, ஆடிக் காற்று முடிந்ததும் விசிறியில் செம்மண் தூசி அப்பியிருக்கும். விசிறி சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதி எடுங்கள்.

பிறகு சேர்த்தது: அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர், சார்ஜரோடு வந்த பிளக் தடித்த 16 ஆம்பியர் பிளக், ஏசிக்குப் போடுகிற மாதிரி, வீட்டில் எந்தச் சாக்கெட்டிலும் நுழையவில்லை என்று எழுதியிருந்தார். சில பெரிய சார்ஜர்களுக்கு அப்படித்தான் வருகிறது. வயர் சார்ஜரிலிருந்து தனியாகக் கழலும். கழலும் முனை டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வயர் மாதிரியே இருந்தால், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 6 ஆம்பியர் மூன்று முள் வயர் ஒன்று வாங்கிப் போடுங்கள். 230 வோல்ட்டில் 200 வாட் என்றால் ஒரு ஆம்பியரை ஒட்டித்தான் வரும். எர்த் முள்ளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய வீடுகளில் எர்த் இல்லாமல் போட்டால் லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொடும்போது கையில் சுர்ரென்று ஏறும். அப்படி ஏறினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகு ஆடுங்கள்.

இன்னொன்று: தென்காசியிலிருந்து ஒரு தங்கை, கரண்ட் போனால் கேம் மந்தமாகிறது, பழுதா என்று கேட்டார். பழுது இல்லை. அவ்வளவு வாட்டைப் பேட்டரியால் கொடுக்க முடியாது, எல்லா கேமிங் லேப்டாப்பும் அப்படித்தான். ஆனால் வகுப்புக்கும் எடுத்துப் போகிறவர்கள் ரைசன் 7 7435எச்எஸ் மாதிரி மாடல்களைத் தவிர்க்கலாம். அதில் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. வெறும் பாடக் குறிப்பு எடுக்கும்போதும் பெரிய கிராபிக்ஸே ஓடி, பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.