நாய்க்கு இதயப்புழு: எந்தப் பரிசோதனை, எந்த மருந்து, எவ்வளவு டோஸ்

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரை கொடுத்துடறோமே, அது போதாதா?" இதயப்புழு என்று பேச்செடுத்தாலே நாய் வளர்ப்பவர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி இதுதான். போதாது. ப்ராசிகுவான்டல், பைரான்டல், ஃபென்பெண்டசோல் போன்றவை சேர்ந்த அந்த மாத்திரைகள் குடலில் இருக்கும் நாடாப்புழு, உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கானவை. இதயப்புழு குடல் பக்கமே போவதில்லை. கொசுக்கடி வழியாகத் தோலுக்குள் நுழைந்து, அங்கேயே சில வாரம் வளர்ந்து, பிறகு நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் குடியேறும். பெண் புழு 25 முதல் 30 செ.மீ. வரை நீளும். நாயின் உடலில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

பரிசோதனையும் தடுப்பு மருந்தும் இந்தப் புழுவின் நாள்கணக்கை ஒட்டியே அமைந்திருக்கின்றன. அதனால் அந்தக் கணக்கை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கொசு கடித்த அன்று உள்ளே போவது மூன்றாம் நிலை இளம்புழு. சில நாட்களில் தோலுரித்து நான்காம் நிலைக்கு வருகிறது. சுமார் 50 முதல் 70 நாட்களுக்குள் அடுத்த நிலைக்குப் போய்விடுகிறது. மாதாந்திரத் தடுப்பு மருந்துகள் நம்பகமாகக் கொல்வது மூன்றாம் நிலையையும் நான்காம் நிலையின் ஆரம்பக் கட்டத்தையும்தான். ஆறு, ஏழு மாதத்தில் புழு முழு வளர்ச்சியடைந்து, மைக்ரோஃபைலேரியா எனும் நுண்புழுக்களை ரத்தத்தில் விடத் தொடங்கும். அந்த ரத்தத்தைக் குடிக்கும் கொசு அடுத்த நாய்க்குக் கொண்டுபோகும்.

இன்று கொடுக்கும் மாத்திரை இனி வரப்போகும் கொசுக்கடிக்கான கவசம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கடந்த ஒரு மாதத்தில் உள்ளே நுழைந்த புழுக்களைத்தான் கொல்கிறது. மழைக்காலம் முடிந்ததும் மருந்தை நிறுத்தினால், கடைசி மாதத்துப் புழுக்கள் தப்பித்துவிடும். நம் ஊரில் கொசு இல்லாத மாதமும் கிடையாது. 12 மாதமும் கொடுங்கள்.

பரிசோதனை: ஒன்று போதாது, இரண்டு

மருத்துவமனைகளில் பெரும்பாலும் செய்வது ஆன்டிஜென் கிட். சில சொட்டு ரத்தம், பத்து நிமிடம், கோடு அல்லது புள்ளி விழுகிறதா என்று பார்ப்பது. முதிர்ந்த பெண் புழு வெளியிடும் ஒரு புரதத்தை அது கண்டுபிடிக்கிறது. ஆண் புழு மட்டும் இருந்தாலோ, ஒன்றிரண்டு பெண் புழுக்களே இருந்தாலோ, கொசு கடித்து ஐந்து மாதம் ஆகாவிட்டாலோ நெகட்டிவ் காட்டும்.

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இதயத்துக்குப் போகும் டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களில் அதிகம். நம் பக்கத்து நாய்களிடம் கூடுதலாகக் காணப்படுவது அதன் உறவான டைரோஃபைலேரியா ரிபென்ஸ். அது தோலுக்கடியில் வாழும். கட்டி, அரிப்பு, முடி உதிர்வு தரும், பல நாய்களில் எந்த அறிகுறியும் இருக்காது. மனிதருக்கும் கொசு மூலம் வந்து கண்ணிலோ தோலுக்கடியிலோ தங்கும். கேரளத்திலும் இலங்கையிலும் இப்படிப் பலருக்கு அறுவை செய்து புழுவை எடுத்திருக்கிறார்கள். இம்மிட்டிஸுக்கென்று செய்யப்பட்ட கிட் இந்தப் புழுவைத் தேடுவதே இல்லை. ஆகவே கிட் நெகட்டிவ் என்றால் "இம்மிட்டிஸின் முதிர்ந்த பெண் புழு அகப்படவில்லை" என்று மட்டுமே பொருள் கொள்ளுங்கள். கூடவே ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா தேடும் சோதனையையும் கேட்டுச் செய்யுங்கள்.

அந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம். இந்த நுண்புழுக்கள் மாலையிலும் இரவிலும்தான் மேற்பரப்பு ரத்தத்துக்குக் கூடுதலாக வரும். காலை 10 மணிக்கு எடுத்த ரத்தத்தில் அகப்படாதது இரவு எட்டு மணி ரத்தத்தில் அகப்படலாம். மாலை நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் 2 மி.லி. ரத்தம் போதும். எடுத்தவுடன் குழாயை எட்டு, பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கினால் அணுக்கள் உடையும். ஆய்வகத்துக்கு மறுநாள்தான் போகும் என்றால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது.

ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் வைத்து நேராகப் பார்ப்பது வேகமான வழி. புழு நெளிந்து சுற்றியிருக்கும் சிவப்பணுக்களைத் தள்ளுவது தெரியும். இருந்த இடத்திலேயே நெளிந்தால் டைரோஃபைலேரியாவாக இருக்கலாம். நேர்கோட்டில் ஓடி மறைந்தால் தெள்ளுப்பூச்சி பரப்பும், பெரிய தீங்கில்லாத வேறொரு இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். புழு எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒரு சொட்டில் தப்பிவிடும். அதற்குத்தான் நாட் முறை. 1 மி.லி. ரத்தத்தோடு 9 மி.லி. 2% ஃபார்மலின் கலந்து, சிவப்பணுக்கள் உடையும் வரை கலக்கி, சென்ட்ரிஃப்யூஜில் 1500 சுற்று வேகத்தில் 5 நிமிடம் ஓட்டி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் சேர்த்து 10 மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, திசு பதப்படுத்த வைத்திருக்கும் 10% ஃபார்மலினை அப்படியே ஊற்றுவது. அது சிவப்பணுக்களை உடைக்காமல் கெட்டிப்படுத்திவிடும். அந்தக் குப்பைக்குள் புழு தெரியாது. கடையில் வாங்கும் அடர் ஃபார்மலின் 2 பங்குக்குக் காய்ச்சி வடித்த நீர் 98 பங்கு என்பதுதான் கணக்கு. சலைனில் கலக்கக் கூடாது. நாட் முறையில் பார்க்கையில் இம்மிட்டிஸ் ஏறக்குறைய 300 மைக்ரான், தலைப்பக்கம் கூம்பியிருக்கும். ரிபென்ஸ் அதைவிட நீளம், பெரும்பாலும் 350-ஐத் தொடும், தலை மழுங்கியிருக்கும். புழுவைச் சுற்றி உறை தெரிந்தால் அது ப்ரூஜியா, அதாவது யானைக்கால் புழுவின் குடும்பம். அறிக்கையில் "மைக்ரோஃபைலேரியா உள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த இனம் என்று திரும்பக் கேளுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்து மாறும்.

தடுப்பு மருந்து

லேபிளில் ஐவர்மெக்டின், மில்பமைசின், மாக்சிடெக்டின், செலமெக்டின் இந்த நான்கில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது இதயப்புழுவுக்கான மருந்து அல்ல. ஃப்ளூரலேனர், அஃபாக்சோலேனர் மட்டும் உள்ள உண்ணி மாத்திரை உண்ணிக்கும் தெள்ளுக்கும்தான். விலை அதிகம் என்பதால் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறார்கள்.

மாதம் ஒரு முறைக்கான குறைந்தபட்ச அளவு: ஐவர்மெக்டின் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், மில்பமைசின் கிலோவுக்கு 0.5 மி.கி.; கழுத்துக்குப் பின்னால் தோலில் விடும் சொட்டு மருந்தில் செலமெக்டின் கிலோவுக்கு 6 மி.கி., மாக்சிடெக்டின் கிலோவுக்கு 2.5 மி.கி. எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். வளரும் குட்டிக்கு ஒவ்வொரு மாதமும் எடை பார்க்க வேண்டும். போன மாத டோஸ் இந்த மாதம் பற்றாமல் போகும்.

மெல்லும் மாத்திரையை முழுதாக விழுங்கவிடாமல் பிய்த்துக் கொடுங்கள். கொடுத்த பிறகு சில நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். மூலையில் போய்த் துப்பிவிட்டு வருவதில் நாய்கள் கெட்டி. சொட்டு மருந்தென்றால் முடியை வகிர்ந்து தோலில் படும்படி விட வேண்டும். முடிமேல் விட்டது வீண். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது. காயும் வரை வீட்டில் இன்னொரு நாய் அதை நக்கவிடாதீர்கள்.

மிகவும் கவலை தருவது ஐவர்மெக்டினைக் கையாளும் விதம். மாட்டுக்குப் போடும் 1% ஊசி மருந்தில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. இருக்கிறது. 10 கிலோ நாய்க்குத் தேவை 60 மைக்ரோகிராம், அதாவது 0.006 மி.லி. இன்சுலின் சிரிஞ்சின் ஒரு கோடே 0.01 மி.லி. யாராலும் அதை அளக்க முடியாது. மனிதருக்கான 6 மி.கி. மாத்திரையை அதே நாய்க்குக் கொடுத்தால் தடுப்பு அளவைப்போல் 100 மடங்கு. கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் எம்.டி.ஆர்.1 மரபணுக் குறை இருந்தால் மருந்து மூளைக்குள் புகுந்துவிடும்: கண்பாவை விரியும், எச்சில் ஒழுகும், கால் தள்ளாடும், பார்வை போகும், கோமாவில் விழும். கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் என்ற தடுப்பு அளவு இந்த இனங்களுக்கும் பாதுகாப்பானதுதான். ஆபத்து அளவு தவறுவதில் இருக்கிறது. நாய்க்கென்று எடைவாரியாகத் தயாரித்த மாத்திரையை மட்டும் வாங்குங்கள்.

எப்போது தொடங்குவது? குட்டிக்கு 8 வாரத்தில். ஏழு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு முன்கூட்டிய பரிசோதனை தேவையில்லை. தொடங்கி ஆறாம் மாதம் ஒரு முறை, மேலும் ஆறு மாதம் கழித்து ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். ஏழு மாதம் தாண்டிய நாயென்றால், தெருவிலிருந்து எடுத்து வந்ததாக இருந்தாலும் வாங்கியதாக இருந்தாலும், முதல் மாத்திரைக்கு முன்பே பரிசோதனை. ரத்தத்தில் நுண்புழு நிறைய இருக்கும் நாய்க்கு மில்பமைசின் கொடுத்தால் அவை மொத்தமாகச் செத்து நாய் அதிர்ச்சிநிலைக்குப் போகலாம். டை எத்தில் கார்பமசைனும் அப்படியே. யானைக்காலுக்கு அரசு தரும் மாத்திரைதானே என்று கொடுத்துவிடக் கூடாது.

தேதி தவறிவிட்டால் நினைவு வந்த அன்றே கொடுங்கள், இரண்டு டோஸ் சேர்த்து அல்ல. ஒன்றிரண்டு வாரத் தாமதம் பெரும்பாலும் பாதகமில்லை. இரண்டு மாதம் இடைவெளி விழுந்திருந்தால் உடனே மறுபடி தொடங்கி, ஆறு, ஏழு மாதம் கழித்துப் பரிசோதனை செய்யுங்கள். அடுத்த வாரமே செய்து நெகட்டிவ் பார்த்து நிம்மதி அடைவதில் பொருளில்லை. அந்த இடைவெளியில் நுழைந்த புழு அப்போது கிட்டில் தெரியாது.

கொசுவைக் குறைப்பது கூடுதல் உதவி, மருந்துக்கு மாற்று அல்ல. ஏடிஸ் பகலில் கடிக்கும், க்யூலெக்ஸ் இரவில். நாயின் தண்ணீர்த் தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய்ச் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள், பூனைக்கு அது உயிர் போகும் விஷம்.

பாசிட்டிவ் வந்தால்

முதலில் வேறொரு வகைப் பரிசோதனையால் உறுதி செய்யுங்கள். கூடவே நெஞ்சு எக்ஸ்ரே, முடிந்தால் எக்கோ. எக்கோவில் புழு இரட்டைக் கோடுகளாகத் தெரியும். அன்றிலிருந்தே ஓட்டமும் குதியாட்டமும் நிற்க வேண்டும். செத்த புழுத் துண்டுகள் நுரையீரல் தமனியை அடைப்பதால்தான் இந்த நாய்கள் சிகிச்சையின் நடுவில் இறக்கின்றன; இதயம் வேகமாகத் துடிக்கத் துடிக்க அந்த ஆபத்து கூடும்.

இம்மிட்டிஸ் என்று உறுதியானால் வழக்கமான முறை: டாக்ஸிசைக்ளின் கிலோவுக்கு 10 மி.கி. காலை மாலை 28 நாள், சாப்பாட்டோடு. புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியாவைக் கொன்று புழுவைத் தளர்த்த இது. கூடவே மாதத் தடுப்பு மருந்து. ஒரு மாதம் இடைவெளி விட்டு, மெலார்சொமைன் கிலோவுக்கு 2.5 மி.கி. இடுப்புத் தசையில் ஆழமாக ஊசி: 60, 90, 91-ஆம் நாட்களில். அது கிடைக்காத இடங்களில் டாக்ஸிசைக்ளினோடு மாதாமாதம் மாக்சிடெக்டின் சொட்டு மருந்து என்ற மெதுவான வழி உண்டு. புழு முழுக்கச் சாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அத்தனை காலமும் நாயை ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும். எந்த வழி என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சிறுநீர் காபி நிறத்தில் போய், நாய் திடீரெனச் சரிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். புழுக்கள் இதயத்தின் வலப்பக்க வாயிலையே அடைத்துவிட்டன என்பதற்கான அடையாளம் அது. கழுத்து ரத்தக்குழாய் (சிரை) வழியாக அவற்றை வெளியே எடுப்பது ஒன்றே வழி. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போல அறுவை வசதியுள்ள மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை இப்போதே குறித்து வைத்திருங்கள். ஊசி சிகிச்சை முடிந்த நாய்க்குக் கடைசி ஊசியிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் கயிற்றில் கட்டிய நடை மட்டும்; ஒன்பதாம் மாதம் ஆன்டிஜென் கிட் மறுபடி செய்து பாருங்கள்.