கார்பன் மவுண்டன் பைக்கின் 'கிறீச்' சத்தத்தை நிறுத்திய விதம்

மேட்டில் எழுந்து மிதித்தால் மட்டும் என் கார்பன் மவுண்டன் பைக் கத்தியது. உட்காரும்போது மட்டும் கேட்டிருந்தால் சீட் போஸ்ட்டைச் சந்தேகித்திருப்பேன். பெடல், அது மாட்டியிருக்கும் கையான கிராங்க் எல்லாம் கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டும் அடங்கவில்லை. மிச்சம் பாட்டம் பிராக்கெட்தான், அதாவது ஃபிரேமின் அடியில் கிராங்க் அச்சைச் சுழலவிடும் பேரிங் பகுதி.

இந்த ஃபிரேமில் அது பிரஸ்-ஃபிட் 92 வகை. மரை கிடையாது, 41 மி.மீ. துளையில் பேரிங்கைத் தாங்கும் கப்பை அழுத்திச் செருகியிருப்பார்கள். மரையுள்ள அலுமினியக் குழாயைக் கார்பனுக்குள் ஒட்ட வேண்டியதில்லை, எடை மிச்சம். ஆனால் துளையின் அளவு துளி பிசகினாலும் பிளாஸ்டிக் கப் அசைந்து உரசும். (எடைக்காக என்னவெல்லாம் செய்கிறார்கள்!)

சரி என்று, இரண்டு கப்பும் நடுவில் ஒன்றோடொன்று மரையில் இறுகும் வகையை வாங்கி, துளையைத் துடைத்துப் பொருத்தினேன். கப்பை நேராக அழுத்தி ஏற்றும் பிரஸ் கருவி இருந்தால் நல்லது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் கார்பன் விரிசல் விடலாம். சத்தம் போய்விட்டது. அடுத்த ஃபிரேம் மரை உள்ளதுதான், எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.