காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையை வகுப்பில் நடத்துவது எப்படி?

முதன்முறையாக இந்தக் கதையை நடத்தப் போகிறீர்கள் என்றால், ‘அந்நியமாதல்’ (சொந்த வீட்டிலேயே, சொந்த வாழ்க்கையிலேயே வேற்றாளாகிவிடுவது) என்று கரும்பலகையில் எழுதி விளக்கம் சொல்லித் தொடங்காதீர்கள். விளக்கம் முதலில் வந்துவிட்டால் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அதற்குப் பொருந்தும் வரிகளைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கிரகோர் சாம்சா என்ற இளைஞன் ஒரு காலையில் கண்விழிக்கும்போது பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறான், அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது. 1915-ல் வெளிவந்த இந்தக் கதை மூன்று பகுதிகள் கொண்டது. வகுப்புக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளலாம், முன்னாலேயே வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

படி 1: அறையை வரையுங்கள்

பூச்சியை யாரும் வரைய வேண்டாம். புத்தகத்தின் மேலட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவதுபோலக்கூட வேண்டாம் என்று காஃப்காவே பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். கிரகோர் சாம்சாவின் அறையை வரையச் சொல்லுங்கள். ஒரு கதவுக்குப் பின்னால் அம்மா, இன்னொன்றில் அப்பா, மற்றொன்றில் தங்கை என்று மூன்று பக்கத்திலிருந்தும் அவனைக் கூப்பிடுகிறார்கள். எல்லாக் கதவையும் உள்ளே பூட்டியிருப்பவன் அவன்தான். ஊர் ஊராகப் போய் விற்பனை செய்பவனுக்குச் சொந்த வீட்டிலும் பூட்டிக்கொண்டு தூங்கும் பழக்கம். இந்த ஒரு விவரத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உருமாறுவதற்கு முன்பே அவன் வீட்டில் எப்படி இருந்தான் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

படி 2: கவலைகளைப் பட்டியல் போடுங்கள்

முதல் சில பக்கங்களில் அவன் எதற்கெல்லாம் கவலைப்படுகிறான் என்று கேளுங்கள். அலாரம் நான்கு மணிக்கு வைத்தது, ஐந்து மணி ரயில் போய்விட்டது, இப்போது ஆறரை, முதலாளி என்ன சொல்வார், பெற்றோரின் கடன் என்ன ஆகும். உடம்பே மாறிக் கிடக்கும்போது இவ்வளவு வேலைக் கவலையா என்று யாராவது கேட்பார்கள், அதற்காகத்தான் இந்தப் படி.

படி 3: யாருக்கு என்ன வேண்டும்?

மோதல் என்றால் சண்டை என்றுதான் பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். இரண்டாம் பகுதியில் அறையின் மேசை, அலமாரிகளை நகர்த்தும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு மூன்று பத்தி போடுங்கள். அவன் தாராளமாக ஊர்ந்து திரிய இடம் வேண்டும் என்று தங்கை கிரேட்டா நினைக்கிறாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அவன் தேறுவான் என்ற நம்பிக்கையையே கைவிட்டதாக ஆகிவிடாதா என்று அம்மாவுக்குத் தயக்கம். ஊர இடம் கிடைத்தால் நல்லது என்றிருந்த கிரகோரோ, அம்மா பேசுவதைக் கேட்டதும் மனம் மாறி, சுவரிலிருக்கும் ஒரு படத்தின் மேல் ஏறி ஒட்டிக்கொள்கிறான். இதில் கெட்டவர் யாருமில்லை, இருந்தும் மோதல் முற்றுகிறது, அந்தப் பகுதி முடிவதற்குள் அப்பா வீசிய ஆப்பிள் அவன் முதுகில் பதிந்துவிடுகிறது. அகமோதல், புறமோதல் என்ற சொற்களை இங்கே அறிமுகப்படுத்தினால் தானாகவே மனதில் நிற்கும்.

‘குடும்பமே கொடுமையானது’ என்று யாராவது முடிவு கட்டினால், கிரேட்டாவுக்காக வாதாடும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் பலவகை உணவைப் பரப்பி வைத்தவள் அவள். அவள் கண்ணில் படக்கூடாதென்று நான்கு மணி நேரம் பாடுபட்டுத் துணியை இழுத்துத் தன்னை மறைத்துக்கொண்டவன் அவன். இரண்டையும் சேர்த்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

படி 4: கதவை யார் மூடுகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. முதலில் அவன் உள்ளே பூட்டினான். பிறகு சாவிகள் வெளிப்பக்கம் போய்விடுகின்றன. கடைசியில் அவன் உள்ளே நுழைந்ததும் கிரேட்டாவே ஓடிவந்து பூட்டுகிறாள். மூன்று இடத்தையும் அடிக்கோடிட்டபின் ‘அந்நியமாதல்’ என்ற சொல்லைச் சொல்லுங்கள், வரையறையை அவர்களே எழுதட்டும்.

படி 5: ஆசிரியர் வாழ்க்கை கடைசியில்

பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் காஃப்கா வேலை பார்த்தது, அப்பாவுடன் இருந்த கசப்பு எல்லாம் முன்னாலேயே சொன்னால், ‘அப்பாவைப் பிடிக்காததால் எழுதினார்’ என்று கதையை மூடிவைத்துவிடுவார்கள். அதைச் சொன்ன பிறகு எழுத்துப் பயிற்சி கொடுங்கள்: ஏதாவது ஒரு கதவுக்கு வெளியே நிற்பவராக இருந்து, உள்ளே கேட்கும் சத்தத்தை மட்டும் வைத்து ஒரு பக்கம். மதிப்பெண் போடும்போது அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பது தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.